ஏழு உப்புக் குவியலில் நாலு பறந்துபோனது

சேவைச் சங்க வேலை என்பது, கேட்காதவனுக்கு உதவி செய்து, கேட்டவனிடம் திட்டு வாங்கி, இரண்டையும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடுகிற தொழில்.

இனி நான் சொல்லப்போகும் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். திருச்செந்தூர் முருகன் மேல் சத்தியம். அவர் ஒருவர் மேல் மட்டும் செய்தால் எங்கள் ஊரில் பாதிப் பேர்தான் நம்புவார்கள் என்பதால், பனிமய மாதா மேலும் சத்தியம். அதுவும் போதாதென்றால் என் கடைத் தராசு மேல் சத்தியம். அது மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

தூத்துக்குடியில் தோணிக்கும் விசைப்படகுக்கும் கயிறு விற்கிற கடை என்னுடையது. இப்போது மகன் பார்க்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் வியாபாரத்தைக் கெடுக்கிறேன். மிச்ச நேரமெல்லாம் சங்கம். நீங்களும் ஏதாவது ஒரு சங்கத்தில் சந்தா கட்டி மாட்டிக்கொண்டவர் என்றால் என் பாடு விளக்காமலே புரியும். மாட்டாத புண்ணியவான்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். இந்தக் கதையில் ஒரு கண் போக இருந்தது. யாருடைய கண் என்று கடைசி வரை ஒளித்துவைத்து உங்களை இழுத்தடிக்க மாட்டேன். என் வலது கண்தான்.

மணியும் மக்ரூனும்

எங்கள் சங்கத் தலைவர் பர்னாந்து. கப்பல் சரக்குக்குக் காகிதம் தயார் செய்யும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால் கப்பலையே நிறுத்தி வைத்த ஆள். உடைத்த தோணி ஒன்றின் பித்தளை மணியைக் கூட்ட மேசையில் வைத்திருப்பார். யாராவது பொய் சொன்னால், அல்லது உள்ளதைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால், மணி அடிக்கும். அடித்தால் அபராதம்: அடுத்த கூட்டத்துக்குக் கால் கிலோ மக்ரூன். முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் சுட்ட எங்கள் ஊர் மக்ரூன். நாக்கில் வைத்ததும் காணாமல் போகும். பர்னாந்து ஒரு தடவைகூட அதை வாங்கி வந்தவரில்லை. அவருக்குப் பொய் வராது. பிறவிக் குறை.

ஒரு கூட்டத்தில் நான் நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடிக் காற்றில் ஒரு பெரிய கப்பல் கட்டறுத்துக்கொண்டு போகப் பார்த்தது. என் கடைக் கயிறு ஒரு சுருளைக் கொண்டுபோய்க் கட்டினார்கள். கயிறு அறுபடவில்லை, கப்பலும் அசையவில்லை, துறைமுகம்தான் நாலு அடி கிழக்கே நகர்ந்தது. நம்பாதவர்கள் போய் அளந்து பார்க்கலாம் என்று சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அந்த மாதத்தில் அது எனக்கு மூன்றாவது மணி. பர்னாந்து நிதானமாகச் சொன்னார்:

“வே, அந்த மக்ரூன் கடைக்காரனை நம்ம சங்கத்துல கௌரவ உறுப்பினராச் சேத்துருவோம். அவன் அடுப்பு எரியிதே ஒம்ம நாக்கை நம்பித்தான்.”

மேடையில் பதினாறு நாற்காலி

எங்கள் உப்பளங்களை உச்சி வெயிலில் பார்த்திருக்கிறீர்களா? மேலே ஒரு சூரியன், கீழே பாத்திக்கு ஒரு சூரியன். அதற்குள் நின்று வருஷக்கணக்காக உப்பு வாருகிறவர்களின் கண் என்னத்துக்கு ஆகும்? அவர்களுக்கு இலவசக் கண் முகாம் நடத்துவது என்று சங்கம் முடிவு செய்தது. ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபம் பிடித்தோம். மேடையில் பதினாறு நாற்காலி. பேனரில் எங்கள் பதினாறு பேர் முகம், ஓரத்தில் மீந்த இடத்தில் ஒரு சின்னக் கண். முகாம் காலை எட்டு மணிக்கு. வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்தவர் உரை, முன்னிலை வகிக்காமல் பின்னால் வந்தவர் உரை. டாக்டரம்மா டார்ச் லைட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதினொன்றரை வரை மேடை ஓரத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் உப்பளத்துப் பெண்கள். திரும்பக் கூட்டிப்போக லாரி வந்து ஹாரன் அடித்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

நான் ஓடிப்போய் வாசலில் மறித்தேன். கூட்டத்துக்கு முன்னால் நின்றவள் பெயர் முத்துக்கனி. ஐம்பது தாண்டியவள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஆளைக் குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்வாள். பின்னால் எங்கள் முகாமையே நடத்தப்போகிறவள் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“காலையில இருந்து ஒங்க பதினாறு பேரையும்தான் பாத்துக்கிட்டு இருந்தோம் அண்ணாச்சி. மங்கலாத்தான் தெரிஞ்சிய. அதுவே போதும்னு ஆயிட்டு. வாரோம்.”

மணப்பாடு மெழுகுவர்த்தி

அடுத்த முகாமில் புத்தி வந்துவிட்டது. உப்பளத்து ஓரத்திலேயே ஒரு கொட்டகை. வேலை முடிகிற பதினோரு மணிக்கு ஆரம்பம். மேடை கிடையாது, மைக் கிடையாது. முதலில் டீயும் பன்னும், அப்புறம் டாக்டரம்மா. இதிலும் ஒரு சிக்கல். சோதனைக்கு எல்லோரும் உட்காருவார்கள், ஆபரேஷன் என்றதும் ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வேனில் ஏறமாட்டார்கள். கண்ணைத் தோண்டி வெளியே எடுத்து, கழுவி, திரும்ப மாட்டுவார்கள், மாட்டும்போது சில சமயம் இடம் வலம் மாறிவிடும் என்று ஒரு பேச்சு. அதை நம்பி ஏற மறுத்தவர்களில் முத்துக்கனிதான் முதல் ஆள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது என்று உங்களுக்குத்தான் தெரியுமே. “ஏளா முத்துக்கனி, இந்தா என் வலது கண்ணு. போன வருசம் ஆப்பரேசன். பதினோரு நிமிசம். கண்ணாடியத் துடைக்க மாதிரி துடைச்சி விட்டுட்டாவ. மறுநாள் நம்ம கடற்கரையில நின்னு பாக்கேன், மணப்பாடு கோயில்ல யாரோ மெழுகுவத்தி ஏத்துதாவ” என்றேன். மெழுகுவர்த்தி என்ன நிறம் என்று கேட்டாள். நீலம் என்றேன். யோசித்துவிட்டு வேனில் ஏறிவிட்டாள். மணப்பாடு நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது, ஆனால் மணி அடிக்கப் பர்னாந்து பக்கத்தில் இல்லை. உண்மை என்னவென்றால், என் கண்ணில் எந்த டாக்டரும் கை வைத்ததில்லை. அந்த வலது கண்ணில் அப்போதே பனி மூட்டம் மாதிரி ஒன்று இறங்க ஆரம்பித்திருந்தது. இடது கண் ஏதோ ஒப்பேற்றும் ரகம்.

மறுநாள் முத்துக்கனிக்குக் கட்டு அவிழ்த்தபோது நான் முன்னால் போய் நின்றேன். ஒரு மாலை, ஒரு நன்றி, குறைந்தபட்சம் ஒரு கும்பிடு எதிர்பார்த்தேன். என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள்:

“ஐயே, அண்ணாச்சி இவ்வளவு கெழவனா! கொரல வச்சி நாப்பது வயசுன்னுல்லா நெனச்சேன்.”

மின்விசிறிக்குப் பொன்னாடை

அன்றிலிருந்து முத்துக்கனி ஒவ்வொரு முகாமுக்கும் வந்து, “அண்ணாச்சியே செஞ்சிருக்காவ, ஒனக்கென்ன” என்று ஆட்களை வேனில் ஏற்றிவிடுவாள். பொய் ஒன்று, அதை நம்பிப் பார்வை வந்தவர்கள் பஸ் கொள்ளாது. நான் மட்டும் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வந்தேன். வெளியே சொல்ல முடியுமா? சொன்னால் அடுத்த முகாமில் யார் ஏறுவார்கள்? இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் சத்தியம் செய்துவிட்டதால் சொல்லித் தொலைக்கிறேன். இடம் வலம் மாறிவிடும் என்ற பேச்சை நூறு பேரிடம் மறுத்துப் பேசிப் பேசி, அது எனக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

இதற்கிடையில் புதிய நிர்வாகிகள் பதவியேற்பு விழா. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவது என் பொறுப்பு. மேடையில் வெள்ளையாக, உயரமாக, தலையை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு ஒருத்தர் நின்றார். நல்ல பணிவான மனிதர் என்று நினைத்து, பொன்னாடையைப் போர்த்தி, கும்பிட்டு, அவருடைய எளிமையைப் பற்றி இரண்டு வார்த்தையும் பேசினேன். அது நிற்கிற மின்விசிறி. சபை விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணாச்சி குறும்பு செய்கிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் ஆமாம் என்று சிரித்துவைத்தேன். பக்கத்து நாற்காலியில் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்த நிஜ விருந்தினர் பெருந்தன்மையாகச் சொன்னார்:

“பரவாயில்லைங்க. இந்த வேக்காட்டுல என்னைவிட அதுக்குத்தான் மரியாதை செய்யணும்.”

காலண்டரை வாசித்தவன்

வருஷத்துக்கு ஒரு தடவை சங்க உறுப்பினர்களுக்கும் கண் பரிசோதனை. எனக்கு அதில் கவலையே இல்லை. அத்தனை முகாமிலும் குச்சி வைத்து எழுத்துப் பலகையைக் காட்டியவன் நான். மேல் வரிசையிலிருந்து கடைசி வரை, கீழே பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயர் உட்பட, மனப்பாடம். டாக்டரம்மா “வாசிங்க அண்ணாச்சி” என்றதும் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலக் கணீரென்று ஒரு மூச்சில் முடித்தேன். பலகையை ஆணியிலிருந்து கழற்றி ஜன்னல் பக்கம் மாட்டியிருந்தார்களாம். நான் பார்த்து வாசித்தது ஒரு ஜவுளிக் கடைக் காலண்டரை.

இதையும் குறும்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். பர்னாந்து சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மணி அடித்தார். கால் கிலோ. இவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் அபராதத்தை ஒத்துக்கொண்டதில்லை. பொய்யன் என்று பெயர் எடுத்து வைத்திருந்தால் எத்தனை வசதி பாருங்கள்! ஆனால் டாக்டரம்மா சிரிக்கவில்லை. எல்லோரும் டீக்குப் போனதும் என்னை உட்காரவைத்து, கண்ணில் டார்ச் அடித்தார். டார்ச்சை அணைத்துவிட்டுச் சொன்னார்:

“புரை நல்லா முத்திப்போச்சு அண்ணாச்சி. மழைக்காலம் வரைக்கும் இழுத்தீங்கன்னா உள்ளேயே உடைஞ்சு கண்ணே போயிரும். அப்புறம் நீங்க என்ன கதை சொன்னாலும் அது திரும்பி வராது.”

உப்பு பறந்தது

அப்போது ஆவணி. ஐப்பசியில் மழை. நான் கணக்குப் போட்டு, புரட்டாசி கடைசி வரைக்கும் பயப்பட நேரமிருக்கிறது என்று தைரியமாக இருந்தேன்.

புரட்டாசி முகாமில் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அதில் ஒருவர் முத்துக்கனியின் புருஷன் பேச்சிமுத்து. பொண்டாட்டி சொல்லி மூன்று வருஷமாக அசையாதவர். கையெழுத்துப் போடுமுன் என்னைக் கொட்டகைக்கு வெளியே கூட்டிப்போனார். “அண்ணாச்சி, மணப்பாடெல்லாம் வேண்டாம். அந்தா அங்கன பாருங்க. உப்புக் குவியல் எத்தன?” நான் கண்ணைச் சுருக்காமல், மிடுக்காக நின்று பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக ஏழு. “ஏழு” என்றேன். மற்றப் பதினொரு பேரும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தர் கை தட்டினார். நான் எண்ணிய ஏழில் நாலு, சிறகை விரித்து எழும்பி, ஒரு வட்டமடித்து, கடல் பக்கமாகப் போய்விட்டது. பூநாரைகள். “ஏளா முத்துக்கனி, இங்கன வா! அண்ணாச்சியோட உப்பு பறக்கு!” என்றார் பேச்சிமுத்து.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். “இதான் ஆப்பரேசன் செஞ்ச கண்ணுன்னா எங்களுக்கு வேண்டாம்” என்று பன்னிரண்டு பேரும் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல், என் கண்ணில் ஆபரேஷனே நடக்கவில்லை என்று அத்தனை பேர் நடுவில் சொன்னேன். எழுபத்து மூன்று வயதில் மணி பயமில்லாமல் நான் சொன்ன முதல் உண்மை. முத்துக்கனி கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்:

“பொய் சொல்லி எனக்குக் கண்ணு வாங்கித் தந்திய. ஒங்க கண்ணுக்கு யாரு அண்ணாச்சி பொய் சொல்லுவா?”

புதுக்கோட்டையில் பஸ் பிடித்தது

பேச்சிமுத்து ஒரு வழி வைத்தார். “அண்ணாச்சி போய்ச் செஞ்சிட்டு வரட்டும். வந்து இங்கனயே நின்னு எண்ணிக் காட்டட்டும். சரியா இருந்தா நாங்க ஏறுதோம்.” மழைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என் ஒரு கண்ணோடு பன்னிரண்டு பேர் கண்ணும் சேர்ந்துகொண்டது. மறுநாள் காலை இருபது பேர் போகிற வேனில் நான், காவலுக்கு முத்துக்கனி, டிரைவர் பக்கத்தில் பர்னாந்து. ஆஸ்பத்திரி திருநெல்வேலியில்.

ஊர் எல்லை தாண்டி, திருநெல்வேலி ரோட்டில் இருக்கிற எங்கள் பக்கத்துச் சின்னப் புதுக்கோட்டை வந்ததும் டீ குடிக்க நிறுத்தச் சொன்னேன். சர்க்கரை போதவில்லை என்று இன்னொரு டீ. பர்னாந்து அந்தப் பக்கம் திரும்பியதும் நைசாகச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றேன். ஒரு வண்டி வந்து நின்றது. போர்டு தெரியவில்லை. பக்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். “யம்மா, இது தூத்துக்குடி பஸ்தான?” என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டி, கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டு சீட்டில் சாய்ந்தேன். ஏற்கனவே நான் உட்கார்ந்து சூடாக்கி வைத்திருந்த சீட் மாதிரியே இருந்தது. கதவு சாத்தியதும் அந்தப் பெண் முந்தானையை எடுத்தாள். முத்துக்கனி! எங்கள் வேன் டிரைவர் வண்டியைத் திருநெல்வேலிப் பக்கம் வளைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“பஸ் தூத்துக்குடிக்குத்தான் போவும் அண்ணாச்சி. வழியில ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி நிக்கும்.”

பர்னாந்து சொன்னது

ஆபரேஷன் அறை வாசலில் பச்சை அங்கியை மாட்டி உட்காரவைத்தார்கள். கண்ணில் சொட்டு மருந்து. உங்களிடம் மறைப்பானேன், வெளியே போகிற கதவு எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பர்னாந்து பக்கத்தில் வந்து குனிந்தார். “நானும் செஞ்சிருக்கேன் வே. ரெண்டு கண்ணும். எறும்பு கடிக்க வலிகூட கெடையாது. ஒம்மகிட்டச் சொல்லல, அவ்வளவுதான்.” சைக்கிள் தெரியாதவன் முதல் தடவை பெடல் மிதிக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையும் சாய்ந்து சாய்ந்து வந்தது. சோடா பாட்டில் அடிக் கனத்துக்குக் கண்ணாடி போட்டிருக்கிற மனுஷன்! முப்பது வருஷமாக அவரோடு சுற்றுகிற எனக்கு அவர் ஆஸ்பத்திரிப் படுக்கையில் படுத்ததில்லை என்று தெரியாதா? ஒரு புள்ளிக்காகக் கப்பலை நிறுத்தியவர், எனக்காக முழுப் பொய்யையே சரக்கு ஏற்றிவிட்டார்.

நான் எழுந்து உள்ளே நடந்தேன். அப்புறம் ஆன நேரம் பதினோரு நிமிஷம் இல்லை, அரைமணி. பயத்தில் அந்த அரைமணியும் டாக்டரம்மாவுக்குத் துறைமுகம் நகர்ந்த கதையை விளக்கமாகச் சொன்னேன். தையலே போடாமல் வேலையை முடித்துக் கட்டுப் போட்டுவிட்டு அவர் சொன்னது:

“கண்ணுக்கு மட்டும் மரத்துப்போக மருந்து போட்டேன் பாருங்க, அதான் நான் செஞ்ச தப்பு.”

குவியல் மூணு

ஒரு வாரம் கழித்து, கறுப்புக் கண்ணாடியோடு கொட்டகை வாசலில் நின்றேன். பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். பேச்சிமுத்து கையை நீட்டினார். நான் அவசரப்படவில்லை. முதலில் எல்லோர் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். முத்துக்கனிக்குச் சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் உப்பளத்தைப் பார்த்துச் சொன்னேன்: “குவியல் மூணு. பறவை ஒம்பது. அதுல ஒண்ணு ஒத்தக் காலுல நிக்கி.” பேச்சிமுத்து நெற்றியில் கை வைத்துத் தன் கண்ணால் எண்ணிப் பார்த்தார். அசைவது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது, எண்ண முடியவில்லை. முத்துக்கனி எண்ணிச் சரி என்றாள். முதல் மழை விழுமுன் பன்னிரண்டு பேருக்கும் முடிந்துவிட்டது.

அடுத்த கூட்டத்துக்கு நான் பர்னாந்துக்கு முன்னாலேயே போய், மணிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அவர் கையில் ஒரு பெட்டியோடு உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் அதை மேசையில் வைத்துப் பிரித்தார். கால் கிலோ இல்லை, ஒரு கிலோ மக்ரூன். தானே மணியை ஒரு தட்டுத் தட்டினார். சங்கமே என்ன விஷயம் என்று வாய் பிளந்து பார்த்தது. என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

“ஆயுசுல ஒரே ஒரு பொய் வே. அதையும் போயி ஒம்மகிட்டச் சொல்லி வீணாக்கிட்டேன்.”

ஆக, ஊருக்கெல்லாம் கண் கொடுத்த சங்கத்துக்கு என் ஒரு கண்ணைத் திறக்க முத்துக்கனி, பர்னாந்து என்று இரண்டு நல்லவர்கள் பொய் சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் இதன் சாரம். ஆனால் இதைச் சொன்னது யாரென்று மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் வருகிற முகாமிலும் பதினோரு நிமிஷம் என்றுதான் சொல்லப்போகிறேன்.